பேஸ்மேக்கர் வைத்தாச்சு… உடம்பு என்ன சொல்லுது?

பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்ட பலருக்கு முதல் சில இரவுகளில் தங்கள் இதயம் துடிப்பது தங்களுக்கே கேட்கிறது. தலையணையில் காதை அழுத்திப் படுத்தால் டப் டப்பென்று ஒரே சீராக. புரண்டு படுத்தாலும் விடுவதில்லை. பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பிச் சொல்லக் கூச்சம். சொன்னாலும், "இதயம்னா துடிக்கத்தானே செய்யும், பேசாமத் தூங்குங்க" என்ற பதில்தான் வரும். காலையில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் ஈசிஜியைப் பார்த்துவிட்டு, "மெஷின் நல்லா வேலை செய்யுது, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். அவர் சொல்வதும் உண்மை. ராத்திரி முழுக்க இவருக்குக் கேட்டதும் உண்மை.

பேஸ்மேக்கர் பொருத்துவது இன்று பெரிய ஆபரேஷன் இல்லை. மார்பைத் திறப்பதில்லை, பெரும்பாலும் முழு மயக்கமும் கொடுப்பதில்லை. காறை எலும்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, சில சென்டிமீட்டர் அளவுக்குக் கீறி, அங்குள்ள ரத்தக்குழாய் வழியாக வயரை இதயத்துக்குள் செலுத்தி, தோலுக்கடியில் சிறு பை போல இடம் செய்து கருவியை அதில் வைத்துத் தைத்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரம், கூடிப்போனால் இரண்டு மணி நேரம். அரசு மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் செய்துகொள்ள முடிகிறது. உயிரைக் காப்பாற்றும் வேலை ஆபரேஷன் அறையிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த உடம்போடு புதிதாகப் பழக வேண்டியிருக்கிறதே, அது மாதக்கணக்கில் நடக்கும் வேலை. டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைப் பெயர் இருக்கும், தையல் பிரிக்கும் தேதி இருக்கும், செல்போனை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்பதுகூட இருக்கும். கழுத்தில் ஏதோ துள்ளினால், மாடிப்படியில் நெஞ்சு அடைத்தால், பஸ்ஸில் போகும்போது படபடவென்று அடித்துக்கொண்டால் என்ன நினைத்துக்கொள்வது என்று ஒரு வரி இருக்காது.

என் அம்மாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்த பிறகுதான் இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. உடம்புக்கு ஒன்றென்றால் வாய் திறக்காத தலைமுறை. அவரை வாய் திறக்க வைக்கத்தான் நான் இதையெல்லாம் தேடிப் படித்தேன், டாக்டர்களிடமும் டெக்னீஷியன்களிடமும் கேட்டேன். கேட்கக் கேட்க ஒன்று உறுதியானது. பேஸ்மேக்கர் வைத்தவர் உணரும் விஷயங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் உண்டு. அவற்றில் பல தானாகவே பழகிவிடும். பழகாதவற்றில் பெரும்பகுதியைக் கருவியின் அமைப்பை மாற்றியே சரிசெய்துவிடலாம், கத்தி வைக்க வேண்டியதில்லை. ஆனால் நோயாளி சொன்னால்தான் அது நடக்கும்.

நாற்பதுக்குப் பழகிய உடம்பு

இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் கணு என்று ஒரு சிறு திசு இருக்கிறது. துடிப்புக்கான மின்தூண்டல் அங்கேதான் பிறக்கிறது. அதை வாங்கி, ஒரு கணம் தாமதித்துக் கீழறைகளுக்கு அனுப்புவது ஏவி கணு. ஏவி கணுவை 1906இல் விவரித்தவர் ஜெர்மனியில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜப்பானிய மருத்துவர் சுனாவோ தவாரா. அடுத்த ஆண்டே ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இருவர் இங்கிலாந்தில் சைனஸ் கணுவைக் கண்டார்கள். இந்த இரண்டும் ஒழுங்காக வேலை செய்தால் ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்பு; ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம்.

சைனஸ் கணு சோர்ந்துபோனாலோ, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மின்சாரம் செல்லும் வழி அடைபட்டாலோ நாடி குறைகிறது. வழி முழுதும் அடைபட்டால் கீழறை தானாகவே ஒப்பேற்றப் பார்க்கும். நிமிடத்துக்கு 30, 40 துடிப்போடு. சிலர் மயங்கி விழுந்து, அதனால் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். பலருக்கு அப்படி நடப்பதில்லை. மெதுமெதுவாகக் குறைந்துகொண்டே வரும். நடை குறையும், மாடி ஏறுவது குறையும், மதியத் தூக்கம் நீளும். வீட்டில் உள்ளவர்கள் "வயசாயிடுச்சு" என்பார்கள், அவரும் அப்படியே நம்பிவிடுவார். உடம்பு நாற்பது துடிப்பில் குடித்தனம் நடத்தப் பழகியிருக்கும்.

அந்த உடம்புக்கு ஒரே நாளில் அறுபதோ எழுபதோ துடிப்பு கிடைக்கிறது. கருவி பொதுவாக நிமிடத்துக்கு 60க்குக் கீழே நாடியை விடாதபடி அமைக்கப்படுகிறது. மற்றவர்களுக்கு அது சாதாரண நாடி. இவருக்கு அது ஓட்டம். இதயம் வேகமாக அடிக்கிறது என்று அவர் சொல்வதில் பொய்யே இல்லை. அதோடு, கீழறையில் வயரின் நுனி இருக்கும் இடத்திலிருந்து மின்தூண்டல் கிளம்பும்போது இதயத் தசை சுருங்கும் வரிசையும் சற்று மாறுகிறது. ரயில் பாதையை ஒட்டிய வீட்டுக்குக் குடிபோனால் முதல் வாரம் ஒவ்வொரு ரயிலும் தூக்கத்தைக் கெடுக்கும். சில மாதத்தில் ரயில் போனதே காதில் விழாது. மூளை இப்படித்தான், புதிதாக வந்ததை உற்றுக் கேட்கிறது, தினமும் இருப்பதை ஒதுக்கிவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில், கூடினால் சில மாதங்களில், இந்தச் சத்தம் அடங்கிவிடுகிறது.

நல்ல மாற்றங்களும் இதே நாட்களில்தான் வருகின்றன. பயத்தில் அவை கண்ணில் படுவதில்லை. ஜில்லென்று கிடந்த கைகால் சூடாகும். எழுந்து நின்றால் வந்த கிறுகிறுப்பு நிற்கும். ஒரு மூச்சில் சமையலை முடித்துவிட்டு உட்காரலாம்.

ஒரு பயத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். பேஸ்மேக்கர் "ஷாக்" கொடுப்பதில்லை. அது அனுப்பும் தூண்டல் பெரும்பாலும் இரண்டு, மூன்று வோல்ட். அதுவும் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம். அந்த மின்சாரத்தைப் பொதுவாக யாரும் உணர்வதில்லை. ஷாக் கொடுப்பது ஐசிடி என்ற வேறு கருவி. அது ஆபத்தான வேகத் துடிப்பை நிறுத்துவதற்காக வைக்கப்படுவது. இரண்டும் நெஞ்சில் ஒரே இடத்தில் இருப்பதால் குழப்பம் வருகிறது. உங்களுக்கு வைத்திருப்பது எது என்று அடையாள அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த அட்டை எப்போதும் பர்ஸிலேயே இருக்கட்டும்.

தோலுக்கடியில் ஒரு புதிய எலும்பு

இப்போதைய கருவிகள் 20, 30 கிராம் எடைதான். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த கனம். ஆனால் ஒல்லியானவர்களுக்குத் தோலைத் தூக்கிக்கொண்டு தெரியும். கைபட்டால் உள்ளே கெட்டியாக ஏதோ நகர்வது தெரியும். முதல் வாரங்களில் வீக்கம், கன்றிப்போன நீலம், பிறகு மஞ்சள்; அதன் பிறகு நமைச்சல். தழும்பைச் சுற்றி மதமதப்பு, திடீரென்று சுருக்கென்று ஒரு குத்தல். வெட்டுப்பட்ட சிறு நரம்புகள் ஆறும்போது இப்படி இருக்கும். குளிர்காலத்தில் சிலருக்கு அந்த இடம் மட்டும் இழுத்துப் பிடிக்கும்.

பெண்களுக்குச் சங்கடம் அதிகம். பிராவின் பட்டை சரியாக அந்த இடத்தின் மேல் போகிறது, ரவிக்கை விளிம்பு உரசுகிறது. காட்டன் துணியை மடித்து உள்ளே வைத்துக்கொள்வது, பட்டை அகலமானதாக வாங்குவது, கார் பெல்ட்டுக்கு அடியில் சிறு துண்டு வைப்பது என்று ஆளாளுக்கு ஒரு வழி கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். இதை டாக்டர்கள் ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! எந்தக் கையால் வேலை அதிகம் செய்கிறீர்கள், எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குகிறீர்கள் என்ற இரண்டு கேள்வி போதும். கருவியை வலப்பக்கமும் வைக்க முடியும்.

முதல் நான்கு முதல் ஆறு வாரம் அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, பளு தூக்கக் கூடாது என்பார்கள். வயரின் நுனி இதயத் தசையோடு இறுகிப் பிடிக்க அவ்வளவு காலம் வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. கொடியில் துணி காயப்போடுவது, பின்னல் போடுவது, பரண் மேலிருந்து பாத்திரம் எடுப்பது, இடுப்பில் குடம் வைப்பது, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பது எல்லாமே இதில் அடங்கும் என்று விளக்கிச் சொன்னால்தான் வீட்டில் புரியும். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. பயந்துபோய்க் கையை உடம்போடு ஒட்டவைத்து அசைக்காமலே இருந்துவிடுகிறார்கள். இரண்டு மாதத்தில் தோள்பட்டை இறுகிவிடும். பிறகு அந்த வலி நெஞ்சுவலியோ என்று இன்னொரு பயம். தோளுக்குக் கீழே கையை மெல்ல அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், தட்டில் சாப்பாடு பிசைவது உட்படப் பளு இல்லாத எல்லா வேலையும் செய்யலாம்.

தழும்பின் மேல் மஞ்சள், எண்ணெய், யாரோ சொன்ன களிம்பு எதுவும் வேண்டாம். அந்த இடத்தை அழுத்தி உருவிவிடுவதும் வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது கருவியை விரலால் திருகிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு வருகிறது. கருவி உள்ளே சுழன்று, வயர் அதில் சுற்றிக்கொண்டு, இதயத்திலிருந்து நுனியே கழன்று வந்துவிடக்கூடும். கனடாவில் 1968லேயே இதைப் பதிவு செய்து ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள்.

சிவந்து சூடாவது, சீழ் கசிவது, காய்ச்சல், தோல் மெலிந்து பளபளவென்று கருவியின் விளிம்பு தெரிவது, அந்தப் பக்கக் கை முழுவதும் வீங்குவது, பொருத்திய சில நாட்களுக்குள் மூச்சுத்திணறலோடு நெஞ்சுவலி, மறுபடி மயக்கம் ஆகியவற்றுக்கு அடுத்த செக்கப் தேதி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே போக வேண்டும். பக்கத்து கிளினிக்கில் வீக்கத்தில் ஊசி குத்தி நீரை எடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். அந்த ஊசியே உள்ளே கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

26 கருவிகளோடு வாழ்ந்தவர்

உலகத்தில் முதன்முதலாக உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஆர்னே லார்ஸன். அப்போது வயது 43. இதயத்தின் மின்வழி அடைபட்டு, ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை மயங்கி விழுந்துகொண்டிருந்தார். அவரைக் காப்பாற்றியதில் மனைவி எல்ஸ்-மரியாவின் பிடிவாதத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அறுவை மருத்துவர் ஓகே சென்னிங், பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட் இருவரும் கருவியை ஆய்வு நிலையில்தான் வைத்திருந்தார்கள். மனிதருக்குப் பொருத்தத் தயாராக இல்லை. அந்தப் பெண் விடவில்லை. ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து எபாக்ஸி பிசினை ஊற்றி எல்ம்க்விஸ்ட் கருவியைச் செய்து முடித்தார். 1958 அக்டோபர் 8ஆம் தேதி, ஸ்டாக்ஹோமை அடுத்த கரோலின்ஸ்கா மருத்துவமனையில், மார்பைத் திறந்து பொருத்தினார்கள். சில மணி நேரத்தில் அது நின்றுவிட்டது. கைவசம் இருந்த இன்னொன்றை வைத்தார்கள்.

அதே காலகட்டத்தில் அமெரிக்காவிலும் வேலை நடந்துகொண்டிருந்தது. 1957 அக்டோபர் 31 அன்று மினியாபொலிஸ் பகுதியில் மின்தடை. மின்சாரத்தில் ஓடிய பேஸ்மேக்கர்களை நம்பியிருந்த குழந்தைகளைப் பற்றிய கவலையில் இதய அறுவை நிபுணர் வால்டன் லில்லஹை, பேட்டரியில் ஓடும் ஒன்றைச் செய்துதரச் சொன்னார். பொறியாளர் ஏர்ல் பாக்கன் சில வாரங்களில் செய்துகொடுத்தார். அது உடம்புக்கு வெளியே கட்டிக்கொள்வது.

லார்ஸன் வாழ்ந்தார். கருவிகள் பழுதாகும், மாற்றுவார்கள்; பேட்டரி தீரும், மாற்றுவார்கள். மொத்தம் 26. அந்தக் கருவிகளின் வரலாற்றையே அவர் தன் உடம்பில் தாங்கியிருந்தார் என்று சொல்லலாம். ஆரம்பக் கருவிகள் கண்மூடித்தனமாக ஒரே வேகத்தில் தூண்டிக்கொண்டே இருக்கும். இதயம் தானாகத் துடித்தாலும் அதோடு மோதும். இதயத்தைக் கவனித்து, தேவைப்பட்டால் மட்டும் தூண்டும் கருவிகள் 1960களின் நடுவில் வந்தன. லித்தியம் பேட்டரி 1970களில் வந்து ஆயுளைக் கூட்டியது. நடக்கும்போது வேகத்தைக் கூட்டும் சென்சார் 1980களில் வந்தது. 2001 டிசம்பரில் 86 வயதில் லார்ஸன் இறந்தார். காரணம் இதயம் இல்லை, தோல் புற்றுநோய். தன்னைக் காப்பாற்றிய சென்னிங், எல்ம்க்விஸ்ட் இருவருக்கும் பிறகும் அவர் இருந்தார். பேஸ்மேக்கர் வைத்தால் ஆயுள் எண்ணப்பட்டுவிட்டது என்று நினைத்து ஒடுங்கிப்போகிற ஒவ்வொருவருக்கும் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

பஸ் குலுங்கினால் ஏன் அடித்துக்கொள்கிறது?

ஊரிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் ஏறினாலே அம்மாவுக்கு நெஞ்சு படபடக்கும். இது எனக்குத் தெரிந்ததே தற்செயலாக. தங்கை வீட்டு விசேஷத்துக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தபோது துருவிக் கேட்டேன்.

"பஸ்ல உக்காந்தா நெஞ்சு ஓடுதுப்பா. எறங்குனா நின்னுடுது."

"ஏம்மா இத்தனை நாளா டாக்டர்கிட்ட சொல்லலை?"

"மெஷின் வெச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும். இதைப் போய்ச் சொல்லிக்கிட்டு…"

பல கருவிகளில் அசைவை உணரும் சென்சார் இருக்கிறது. சைனஸ் கணு சோர்ந்துபோனவர்கள் நடக்கும்போது நாடி தானாக ஏறாது. அதற்காகத்தான் உடம்பின் அசைவைப் பார்த்து, இவர் நடக்கிறார் என்று கணித்து வேகத்தைக் கூட்டுகிறது. குண்டும் குழியுமான ரோட்டில் பஸ் குலுங்கினாலும் அதற்கு நடை மாதிரித்தான் படும். உட்கார்ந்திருக்கிறவருக்கு நாடி ஏறும். டூ வீலரின் பின்சீட்டிலும், சிலருக்கு ஊஞ்சலிலும் இப்படி ஆகலாம். இதற்கு நேரெதிரான விநோதமும் உண்டு. படி ஏறும்போது உடம்பு மெதுவாக அசைகிறது, இறங்கும்போது அதிகம் குலுங்குகிறது. சில சென்சார்கள் மூச்சு வாங்கும் ஏற்றத்தில் போதிய வேகம் கொடுக்காமல், இறக்கத்தில் கொடுக்கும். கோயில் மலைப்படியில் பாதியில் கால் துவண்டு உட்கார்ந்துவிடுகிறவர்கள், தங்களுக்கு இதயம் இன்னும் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. சென்சார் எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும், எவ்வளவு வேகமாக ஏற வேண்டும் என்பதெல்லாம் மாற்றக்கூடியவை. அம்மாவுக்கு அடுத்த செக்கப்பில் அதை மட்டுப்படுத்தினார்கள். சில நிமிட வேலை.

இரவிலும் இப்படி ஒன்று உண்டு. தூங்கும்போது நமக்கெல்லாம் நாடி குறையும். 60இல் நிறுத்திவைத்த கருவி குறைய விடாது. சிலருக்கு அது தூக்கத்தைக் கெடுக்கிறது. தூங்கும் நேரத்துக்கு மட்டும் 50 என்று வைக்கும் வசதி பல கருவிகளில் இருக்கிறது. சில மாடல்கள் நாளுக்கு ஒருமுறை, பெரும்பாலும் இரவில், தங்களைத் தாங்களே சோதித்துக்கொள்ளும். அந்த ஒருசில நொடிகளில் துடிப்பு மாறுவதை உணர்ந்து விழித்துக்கொள்கிறவர்களும் உண்டு. தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

விடாத விக்கல் வேறு கதை. வயரின் நுனி உதரவிதானத்துக்குப் போகும் நரம்பின் அருகிலோ அந்தத் தசையின் அருகிலோ அமைந்துவிட்டால், ஒவ்வொரு தூண்டலுக்கும் வயிற்றின் மேல்பகுதி துள்ளும். நாடியோடு சேர்ந்து சீராக வரும், படுக்கும் பக்கத்தைப் பொறுத்து மாறும். தூண்டலின் அளவைக் குறைத்தோ திசையை மாற்றியோ பெரும்பாலும் நிறுத்திவிடலாம். அபூர்வமாக, வயர் இடம் நகர்ந்ததற்கோ இதயச் சுவரைத் துளைத்ததற்கோ இது அடையாளமாக இருக்கலாம். ஆகவே விக்கலுக்குத் தண்ணீர் குடித்துப் பார்த்து நாளைக் கடத்த வேண்டாம். கருவி இருக்கும் இடத்தில் மார்புத் தசை துடிதுடிப்பதும் அப்படியே. வயரின் உறை எங்கோ சேதப்பட்டிருக்கலாம்.

நடுநடுவே ஒரு துடிப்பு தவறி, அடுத்தது தூக்கிப்போடுவது போலிருப்பது பேஸ்மேக்கர் இல்லாதவர்களுக்கும் வருவதுதான். இதயம் தானாக முந்திக்கொண்டு துடிக்கும் துடிப்பு அது. பேஸ்மேக்கர் நாடி குறையாமல் பார்த்துக்கொள்ளும். இந்த முந்திய துடிப்பையோ வேகத் துடிப்பையோ அது தடுக்காது. வீட்டில் பிபி மெஷினில் 48 என்று காட்டினால் உடனே கருவி கெட்டுவிட்டது என்று அலற வேண்டாம். முந்திய துடிப்புகள் வலுவில்லாமல் கைக்கு வந்து சேராதபோது மெஷின் அவற்றை எண்ணாமல் விட்டுவிடும். மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். எண்ணியும் குறைவாகவே இருந்தால், கூடவே கிறுகிறுப்பும் இருந்தால், போக வேண்டும்.

பொறுத்துக்கொள்ளக் கூடாத ஒன்று

எல்லாவற்றையும் "பழகிவிடும்" என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்கு இது உதாரணம். கீழறைக்கு மட்டும் ஒற்றை வயர் வைத்த சிலருக்கு, கருவி சரியாக வேலை செய்தும் உடம்பு தேறாது. களைப்பு, நிற்கும்போது தலைசுற்றல், கழுத்தில் ரத்தக்குழாய் துள்ளுவது, மூச்சு முட்டல். மேலறையும் கீழறையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்க வேண்டும். அந்த ஒத்திசைவு போய், கீழறை சுருங்கி வால்வு மூடியிருக்கும் நேரத்தில் மேலறை சுருங்கினால் ரத்தம் பின்னோக்கிக் கழுத்துச் சிரைக்கு எகிறும். அதுதான் அந்தத் துள்ளல். இதற்குப் 'பேஸ்மேக்கர் சிண்ட்ரோம்' என்றே பெயர். ஈசிஜி பார்த்தால் "மெஷின் ஓகே" என்றுதான் தெரியும். நோயாளியின் வார்த்தையை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். அமைப்பை மாற்றியோ, மேலறைக்கு இன்னொரு வயர் சேர்த்தோ தீர்க்கலாம்.

கீழறையின் ஓரத்திலிருந்து தூண்டுவதற்குப் பதிலாக இதயத்தின் சொந்த மின்வழியையே பிடித்துத் தூண்டும் முறை சமீப ஆண்டுகளில் பரவிவருகிறது. துடிப்பு இயல்பான வரிசைக்கு நெருக்கமாக அமைகிறது. பென்சில்வேனியாவில் பணிபுரியும் டாக்டர் புகழேந்தி விஜயராமன் இத்துறையில் உலகம் அறிந்த பெயர். மதுரை வேலம்மாள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் டாக்டர் சண்முகசுந்தரம் பொன்னுசாமியும் இதில் தொடர்ந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டுவருகிறார். எல்லோருக்கும் இது தேவைப்படுவதில்லை. ஆனால் பேஸ்மேக்கர் வைக்கப்போகிறவர்கள், "எனக்கு எத்தனை வயர், எந்த இடத்தில், ஏன்?" என்று டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம்.

வெளியே இருக்கும் பயங்கள்

மிக்ஸி, கிரைண்டர், டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் பயன்படுத்தலாம். இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்பது நல்லது. செல்போனைக் கருவியிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். சட்டையின் இடது மேல்பாக்கெட்டில் போனைப் போட்டுக்கொள்ளும் நம் ஆண்களின் பழக்கம் இதில் முதலில் போக வேண்டியது. காந்தம் வைத்த போன் கவர், ஹெட்போன், விளம்பரத்தைப் பார்த்து வாங்கும் காந்தப் படுக்கை, காந்த மாலை ஆகியவற்றிலும் கவனம் வேண்டும். வலுவான காந்தம் பக்கத்தில் வந்தால் பல கருவிகள் இதயத்தைக் கவனிப்பதை நிறுத்திவிட்டு ஒரே வேகத்தில் தூண்டத் தொடங்கும். சிலர் இதைப் படபடப்பாக உணர்கிறார்கள். காந்தத்தை விலக்கினால் பழையபடி ஆகிவிடும். கோயில், ஏர்போர்ட் வாசலில் உள்ள மெட்டல் டிடெக்டரை நிற்காமல் நடந்து கடக்கலாம். கையில் வைத்துத் தடவும் கருவியை நெஞ்சின் மேல் பிடிக்க வேண்டாம் என்று அட்டையைக் காட்டிச் சொல்லலாம். காயம் ஆறிய பிறகு தாம்பத்யத்துக்கும் தடையில்லை. இதை யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. பல வீடுகளில் இதனாலேயே படுக்கை தனியாகிவிடுகிறது.

பெரியவர்கள் மெதுவாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கடைசி நேரத்துல இது உயிரைப் போகவிடாம இழுத்துக்கிட்டு இருக்குமா?" அம்மாவும் கேட்டார். இழுக்காது. கருவி தூண்டல் மட்டும்தான் அனுப்புகிறது. சுருங்க வேண்டியது இதயத் தசை. உடம்பு அடங்கும்போது தசை அந்தத் தூண்டலுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிடும். தகனம் செய்வதாக இருந்தால், சூட்டில் பேட்டரி வெடிக்கும் என்பதால் கருவியை முதலில் எடுத்துவிட வேண்டும். பிள்ளைகள் இதை நினைவில் வைத்துக்கொள்வது அவசியம். அம்மா இந்தப் பதிலைக் கேட்டு முகம் தெளிந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னதுதான் அவருக்குப் பிடித்திருந்தது.

காலண்டர் தாளில் எழுதிய குறிப்பு

செக்கப் என்பது நம் ஊரில் பெரும்பாலும் இப்படி நடக்கிறது. கூட்டம் நெரியும் ஓ.பி. கருவியின் மேல் ஒரு வட்டத் தகட்டை வைப்பார்கள், அல்லது சும்மா பக்கத்தில் கம்ப்யூட்டரை வைத்தே இணைத்துவிடுவார்கள். டெக்னீஷியன் திரையைப் பார்ப்பார், நோயாளி கூரையைப் பார்ப்பார். நடுவில் வயரைச் சோதிக்க வேகத்தைக் கூட்டுவார்கள், தூண்டலைக் குறைத்துக்கொண்டே போவார்கள். அப்போது நெஞ்சு ஓடும், அல்லது ஒரு கணம் கண் இருட்டும். "இப்போ கொஞ்சம் வேகமா அடிக்கும், பயப்படாதீங்க" என்று முன்கூட்டி ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

கருவிக்கு ஞாபகசக்தி உண்டு. இதயம் எப்போது தாறுமாறாகத் துடித்தது, எவ்வளவு நேரம், என்ன வேகத்தில் என்று தேதியும் நேரமும் போட்டுச் சேமித்துவைக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எப்படி இருந்தது என்பது அதற்குத் தெரியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் மருத்துவருக்கு முழு விஷயமும் கிடைக்கிறது. பல வருடம் கழித்துக் காரணமில்லாமல் களைப்பு வந்தால்கூட, பேட்டரி தீரும் கட்டத்தில் சில மாடல்கள் செலவைக் குறைக்க வேலைசெய்யும் முறையையே மாற்றிக்கொள்ளும் என்பது நினைவுக்கு வர வேண்டும். பேட்டரி மாற்றுவது என்றால் பெட்டியை மட்டும் மாற்றுவது. வயர் நன்றாக இருந்தால் அப்படியே இருக்கும்.

பஸ் விஷயத்துக்குப் பிறகு அம்மாவிடம் ஒரு பழக்கம் வந்தது. தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதிவைப்பார். 'சாயந்தரம் ஆறு மணி. விளக்கேத்தும்போது படபடப்பு. பத்து நிமிஷம். மூச்சு வாங்கலை.' முன்பக்கம் தேதி இருப்பதால் தனியாகத் தேதி எழுத வேண்டியதில்லை. செக்கப்புக்கு அந்தத் தாள்களை ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனோம். டெக்னீஷியன் வாங்கி ஒவ்வொன்றாகத் திருப்பித் திரையோடு ஒப்பிட்டார். பல தாள்களுக்கு எதிரே கருவியில் ஒன்றுமே இல்லை. முந்திய துடிப்பாக இருக்கும், விட்டுவிடலாம் என்றார். ஒரு தாளில் நிறுத்தினார். அதே தேதி, அதே ஆறு மணி. மேலறை தாறுமாறாக அதிர்ந்த பதிவு இருந்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். ரத்தக்கட்டி உண்டாகிப் பக்கவாதம் வரக்கூடிய துடிப்பு. டாக்டர் பதிவையும் தாளையும் பார்த்தார், அம்மாவிடம் நான்கைந்து கேள்வி கேட்டார், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை அன்றைக்கே எழுதிக்கொடுத்தார். அந்தத் தாளைக் கேஸ் ஷீட்டோடு பின் அடித்து வைத்துக்கொண்டார்.